சுங்கை சிப்புட்டில் நாலு நாள்: செக்ரோலும் காலிக் கல்லறையும்

வியாழன், இரவு

காலையில் கே.எல். சென்ட்ரலில் இடிஎஸ் ரயில் ஏறினேன். ஈப்போவில் இறங்கியபோது நல்ல மழை, சுண்ணாம்புக் குன்றுகளின் இடுப்பு வரைதான் தெரிந்தது. அங்கிருந்து அத்தை மகனின் காடியில் (கார்தான்) பேராக் மாநிலத்துச் சுங்கை சிப்புட். மலேசியாவில் பெரிய வெள்ளிக்குச் சபாவிலும் சரவாக்கிலும்தான் பொது விடுமுறை, நம் பக்கம் கிடையாது, அதனால் என் வருட லீவில் இரண்டு நாள் கரைந்தது. பரவாயில்லை.

எதற்கு வந்தேன் என்பதை முதலிலேயே சொல்லிவிடுகிறேன். போன மாதம் என் மகன், மூன்றாம் படிவம் படிக்கிறான், சாப்பிட்டுக்கொண்டே கேட்டான்: "இயேசு உயிர்த்தெழுந்தார்னு நமக்கு எப்படிம்மா தெரியும்? யாரோ எழுதி வெச்சதுதானே?" நான் "அது விசுவாசம்டா" என்று சொல்லிவிட்டுத் தட்டைக் கழுவப் போய்விட்டேன். மூன்று தலைமுறையாக லுத்தரன் கிறிஸ்தவக் குடும்பம், நாற்பது ஈஸ்டருக்கு மேல் பார்த்தாயிற்று, பிள்ளைக்குச் சொல்ல ஒரே ஒரு சொல்தான் இருந்தது. வெட்கமாகப் போய்விட்டது. அன்றிலிருந்து ஒரு மாதமாக நாலு சுவிசேஷங்களையும் பவுலின் கடிதங்களையும் பென்சிலோடு உட்கார்ந்து படிக்கிறேன், கேள்விகளைத் தனி நோட்டில் எழுதுகிறேன்.

இந்த ஈஸ்டரை அத்தையோடு இருக்கலாம் என்று தோன்றியதும் அதனால்தான். அத்தை தோட்டத்துத் தமிழ்ப் பள்ளியில் நாலாம் வகுப்பு வரை படித்தவர், முப்பது வருடம் ரப்பர் மரத்தில் பால் வெட்டியவர், வேதாகமத்தை முதல் பக்கத்திலிருந்து கடைசி வரை பலமுறை முடித்தவர். ஆனால் யாரிடமும் அதைச் சொல்லிக்கொள்ள மாட்டார்.

ஊர் நிறைய மாறிவிட்டது. பால் மரம் இருந்த இடமெல்லாம் செம்பனை, தொழிலாளிகளின் லயம் இருந்த இடத்தில் தாமான், புது வீடமைப்புப் பகுதி. மஇகா தலைவராகவும் அமைச்சராகவும் இருந்த துன் சம்பந்தன் பிறந்த ஊர் இது. வெள்ளைக்காரர்கள் தோட்டங்களைத் துண்டு போட்டு விற்றுக்கொண்டிருந்த காலத்தில், தொழிலாளிகளே பங்கு போட்டுத் தோட்டம் வாங்கட்டும் என்று அவர் 1960இல் தேசிய நில நிதிக் கூட்டுறவுச் சங்கத்தை ஆரம்பித்தார். அதில் பத்துப் பத்து வெள்ளியாகக் கட்டியதைப் பற்றி அத்தை இன்றைக்கும் கணக்கோடு பேசுவார். மகாத்மா காந்தி கலாசாலை என்ற தமிழ்ப் பள்ளியைத் தாண்டும்போது, உள்ளே பிள்ளைகள் போட்ட சத்தம் காடிக்குள் வரை கேட்டது.

இப்போது மணி பத்தரை. குடும்ப வாட்சாப் குழுவில் யாரோ தூரின் துணியின், இயேசுவின் உடலைச் சுற்றியதாகச் சொல்லப்படும் துணியின், படத்தைப் போட்டு, "இதைவிட என்ன ஆதாரம் வேண்டும்" என்று கேட்டிருக்கிறார்கள். 1988இல் மூன்று ஆய்வுக்கூடங்கள் அந்தத் துணியைக் கார்பன் முறையில் சோதித்து, 1260க்கும் 1390க்கும் நடுவில் நெய்தது என்றன. அந்த முடிவை மறுப்பவர்களும் இருக்கிறார்கள், இருக்கட்டும். பிள்ளைக்குப் பதில் சொல்ல அந்தத் துணியில் ஆரம்பிக்க எனக்கு மனசு வரவில்லை. பதில் எழுதாமல் போனை மூடிவிட்டேன்.

வெள்ளி

பன்னிரண்டிலிருந்து மூன்று வரை ஆராதனை. இயேசு சிலுவையில் சொன்ன ஏழு திருமொழிகளுக்கும் ஏழு பேர் பேசினார்கள், நாலாவது ஆள் மட்டும் முக்கால் மணி நேரம். மின்விசிறி எங்கள் வரிசைக்கு மட்டும் எட்டவில்லை. அதைப் பற்றி இவ்வளவு போதும்.

சாயங்காலம் அத்தை, "பழைய தோட்டத்தப் பாத்துட்டு வரலாமா பாப்பா?" என்றார். லாசா சாலையில் போனோம். எங்கே பார்த்தாலும் செம்பனை, ஒரே உயரம், ஒரே நிழல். ஓர் இடத்தில் நிறுத்தச் சொன்னார். எனக்கு எதுவும் தெரியவில்லை. புல்லுக்கு நடுவே சிமெண்டுத் தரை கொஞ்சம் கிடந்தது.

"இதான் பெரட்டுக் களம்" என்றார்.

காலை ஐந்து மணிக்கு, கும்மிருட்டில், எல்லாரும் இங்கே வந்து நிற்க வேண்டுமாம். கிராணி, அதாவது தோட்டத்துக் கணக்கர், செக்ரோல் என்ற வருகைப் பதிவேட்டைப் பிரித்துப் பெயர் பெயராகக் கூப்பிடுவார். "ஐயா" என்று குரல் கொடுத்தால்தான் அன்றைய சம்பளம். குரல் வராத பெயருக்கு நேரே ஒரு கோடு. "செத்தவங்க பேரு ரெண்டு மூணு நாளைக்கு அந்தப் புக்குலயே கெடக்கும். கிராணி மறந்து கூப்பிட்டுருவாரு. யாராச்சும் 'அவரு இல்லீங்க'ன்னு சொல்லணும்."

இதைக் கேட்டதும் எனக்கு ஒரு மாதமாகப் படித்துக்கொண்டிருந்த பத்தி ஞாபகம் வந்தது. கொரிந்தியருக்கு எழுதிய முதல் கடிதம், 15ஆம் அதிகாரம். பவுல் அதை எழுதியது ஏறக்குறைய கி.பி. 55இல், சிலுவையில் அறைந்து இருபத்தைந்து வருடம்கூட ஆகியிருக்காது. அதில் அவர் பெயர்களை வரிசையாகச் சொல்லிக்கொண்டு போகிறார்: உயிர்த்தெழுந்தவர் கேபாவுக்கு (பேதுருவுக்கு) தரிசனமானார், அப்புறம் பன்னிருவருக்கு, அப்புறம் ஒரே சமயத்தில் ஐந்நூறு பேருக்கு மேல், அவர்களில் பெரும்பாலோர் இன்னும் உயிரோடு இருக்கிறார்கள், சிலர் இறந்துவிட்டார்கள், அப்புறம் யாக்கோபுக்கு, அப்போஸ்தலர் எல்லாருக்கும், கடைசியாக எனக்கும். அந்த "சிலர் இறந்துவிட்டார்கள்" எதற்கு என்று எனக்குப் புரிந்ததே இல்லை. கதை கட்டுகிறவனுக்கு அந்தத் தகவல் தேவையில்லை. செக்ரோல் வைத்திருக்கிறவனுக்குத்தான் யார் இருக்கிறார், யார் போய்விட்டார் என்ற கணக்கு வேண்டும். மற்றவர்கள் இருக்கிறார்கள், போய்க் கேட்டுக்கொள் என்பதுபோல இருக்கிறது அது.

அந்தப் பட்டியலும் பவுல் உட்கார்ந்து தயாரித்ததில்லை. தான் பெற்றுக்கொண்டதையே ஒப்படைத்ததாக அவரே சொல்கிறார். கலாத்தியருக்கு எழுதும்போது, மனம் மாறி மூன்று வருடம் கழித்து எருசலேமுக்குப் போய்ப் பேதுருவோடு பதினைந்து நாள் தங்கியதையும், இயேசுவின் சகோதரன் யாக்கோபைப் பார்த்ததையும் எழுதியிருக்கிறார். அங்கேதான் அந்த வரிகள் அவர் கைக்கு வந்திருக்க வேண்டும் என்று அறிஞர்கள் பலர் நினைக்கிறார்கள். அப்படியென்றால் சம்பவம் நடந்து ஐந்தாறு வருடத்துக்குள்ளேயே மனப்பாடமாகச் சொல்லுமளவுக்கு அது உருண்டு திரண்டுவிட்டது.

திரும்பி வரும் வழியில் அத்தையிடம் கேட்டேன்: "நாலு சுவிசேஷத்துலயும் கல்லறைக்கு மொதல்ல போனவங்க பொம்பளைங்கதான். பவுல் லிஸ்ட்டுல மட்டும் ஒரு பொம்பளை பேருகூட இல்லியே, ஏன் அத்தை?"

அத்தை கொஞ்ச நேரம் வெளியே பார்த்துக்கொண்டிருந்தார். "எங்கம்மா பேரும்தான் செக்ரோல்ல இல்ல" என்றார்.

பாட்டி விடிகாலையில் தாத்தாவோடு கிளம்பி, அவருக்குக் கொடுத்த மரத்தில் பாதியை வெட்டுவாராம். பால் வடியும் மங்கு துடைப்பது, பால் எடுப்பது, தோளில் காண்டாக் கம்பு கட்டித் தூக்கி வருவது எல்லாம் உண்டு. சம்பளம் தாத்தா பெயரில். புத்தகத்தில் பாட்டி இல்லவே இல்லை. "ஆனா எந்த மரத்துல பால் நின்னுச்சு, எந்த மரத்துல பட்டை காஞ்சுச்சுன்னு தாத்தாவக் கேட்டா தெரியாது. அவங்களத்தான் கேக்கணும்."

நோட்டில் இருந்த பெரிய கேள்விக்குறிக்குப் பக்கத்தில் இதை எழுதி வைத்தேன்.

சனி

இன்றைக்கு முழுக்கச் சார்தான். அத்தை வீட்டுக்கு மூன்று வீடு தள்ளி இருக்கும் ஓய்வு பெற்ற தமிழ்ப் பள்ளி ஆசிரியர். அவருடைய அப்பா, 1929இல் பெரியார் மலாயா வந்தபோது நேரில் போய்ப் பேச்சைக் கேட்டவராம். பிள்ளைக்கு அதுவே போதுமானதாக இருந்திருக்கிறது. சாமி கும்பிட மாட்டார், ஆனால் அத்தை வீட்டு ஈஸ்டர் காலைப் பசியாறலை ஒரு வருடமும் விட்டதில்லை. நான் நோட்டும் கையுமாக உட்கார்ந்திருப்பதைப் பார்த்ததும் அவருக்குக் கண்ணில் வெளிச்சம் வந்துவிட்டது. கோப்பியோடு ஆரம்பித்தது, மதியச் சாப்பாடு வரை போனது.

முதல் அடியே பலமான அடி. "இருவத்தஞ்சு வருஷம்னா சும்மாவா? கதை எவ்ளோ மாறும்?"

அதற்கு நான் அவர் ஊர்க் கதையையே கேட்டேன். 1948 ஜூன் 16, இந்தச் சுங்கை சிப்புட்டில் மூன்று வெள்ளைக்காரத் தொரைகளைக் கம்யூனிஸ்டுகள் சுட்டுக் கொன்றார்கள், எல்பில் தோட்டத்தில் ஒருவர், இன்னொரு தோட்டத்தில் இரண்டு பேர், அதைத் தொடர்ந்துதான் நாடு முழுக்க அவசரகாலம். சாருக்கு அப்போது ஒரு வயது. அத்தை பிறக்கவே இல்லை. இரண்டு பேரும் அவரவர் வீட்டில் கேட்டதைச் சொன்னார்கள். எப்படி வந்தார்கள், எத்தனை பேர், சத்தம் கேட்டதும் கிராணி எங்கே ஓடினார் என்பதில் ஒன்றுக்கொன்று ஒட்டவே இல்லை, பத்து நிமிடம் சண்டையே போட்டார்கள். ஆனால் எந்த நாள், எத்தனை தொரை, எந்தத் தோட்டம் என்பதில் இரண்டு பேருக்கும் துளி சந்தேகம் இல்லை. முக்கால் நூற்றாண்டுக்கு மேல் ஆகிவிட்டது.

"கல்லறையில ஒரு தூதனா, ரெண்டு தூதனா, போன பொம்பளைங்க எத்தனை பேருன்னு சுவிசேஷங்க ஒத்துப்போகல, நெஜம்தான் சார். கல்லறை காலி, மொதல்ல பாத்தது பொம்பளைங்க, மகதலேனா மரியாள் அதுல ஒருத்தி. இதுல நாலும் ஒண்ணு."

சார் சிரித்தார். "சரி, நல்லாத்தான் மாட்டிவிட்ட. ஆனா ஒண்ணு சொல்லு. மூணு தொரைய சுட்டாங்கன்னு எங்கப்பா சொன்னா நான் நம்பறேன். செத்த தொரை மூணாம் நாளு எழுந்து பெரட்டுக்கு வந்தாருன்னு அதே எங்கப்பா சொன்னா?"

இதற்கு என்னிடம் சட்டென்று பதில் இல்லை, இருந்ததாக எழுதினால் பொய். சாதாரணச் செய்திக்குப் போதுமான சாட்சி இதற்குப் போதாது என்கிறார், அது நியாயம். கடவுளே இல்லை என்று முடிவு கட்டியவருக்கு எத்தனை சாட்சியும் போதாது, கடவுள் இருக்கலாம் என்று ஒரு கதவைத் திறந்து வைத்திருப்பவருக்குத்தான் இந்தச் சாட்சிகளை எடை போடவே முடியும் என்று சொன்னேன். "அப்ப நான் கதவுக்கு வெளியவே நிக்கறேன், கோப்பி மட்டும் குடு" என்றார்.

அப்புறம் கல்லறைக்கு வந்தார். சிலுவையில் அறைந்தவனை ரோமர்கள் கழுகுக்கும் நாய்க்கும்தானே விட்டார்கள், கல்லறை எங்கிருந்து வந்தது என்றார். பெரும்பாலும் அப்படித்தான், ஆனால் எப்போதும் அப்படி இல்லை. 1968இல் எருசலேமுக்கு வடக்கே ஒரு குடும்பக் கல்லறையைத் தோண்டியபோது எலும்புப் பெட்டி ஒன்றில் ஒரு குதிகால் எலும்பு கிடைத்தது, சிலுவை ஆணி அதிலேயே வளைந்து மாட்டிக்கொண்டிருந்தது. பெட்டியின் மேல் யோகனான் என்ற பெயர். முதல் நூற்றாண்டு ஆள், சிலுவையில் செத்தவர், சொந்தக்காரர்கள் முறைப்படி அடக்கம் பண்ணியிருக்கிறார்கள். இதனால், இயேசுவின் உடலை வாங்கிக் கல்லறையில் வைத்ததாகச் சொல்லும் அரிமத்தியா யோசேப்பின் கதை உண்மை என்று ஆகிவிடாது, நடக்கவே முடியாதது என்று யாரும் தள்ள முடியாது, அவ்வளவுதான். மத்தேயு சொல்கிற இன்னொன்றும் இருக்கிறது: சீஷர்கள் வந்து உடலைத் திருடிவிட்டார்கள் என்ற பேச்சு அவர் எழுதும் நாள் வரை யூதர்களிடையே உலவியதாம். திருடினார்கள் என்று சொல்கிறவன் கல்லறை காலி என்பதை ஒப்புக்கொண்டுதான் பேசுகிறான்.

சாருக்கு இது அவ்வளவாக ருசிக்கவில்லை. எனக்கும் இது பெரிய ஆதாரமாகத் தோன்றவில்லை, அந்தப் பேச்சை நமக்குச் சொல்வதே மத்தேயுதானே. பெண்கள் விஷயம்தான் எனக்குக் கனமாகப் படுகிறது. அந்தக் காலத்து யூத வரலாற்றாசிரியர் யோசேப்பஸ், பெண்களின் சாட்சியை ஏற்கக் கூடாது, அவர்கள் நிலையில்லாதவர்கள் என்று பச்சையாகவே எழுதிவைத்திருக்கிறார். சீஷர்களே பெண்கள் சொன்னதை வீண்பேச்சாக எடுத்துக்கொண்டார்கள் என்று லூக்கா மறைக்காமல் எழுதுகிறார். இரண்டாம் நூற்றாண்டில் செல்சஸ் என்ற கிரேக்கர், ஏதோ பித்துப் பிடித்த பெண் பார்த்தாளாம் என்று கேலி பண்ணினார். இப்படிக் கேலிக்கு ஆளாவோம் என்று தெரிந்தே யாராவது பொய்க்கதைக்கு முதல் சாட்சியாகப் பெண்களை நிறுத்துவார்களா? பேதுருவையோ அரிமத்தியா யோசேப்பையோ நிறுத்தியிருக்கலாமே. அப்படித்தான் நடந்தது, வேறு வழியில்லாமல் எழுதினார்கள் என்றுதான் எனக்குத் தோன்றுகிறது.

சார் விடவில்லை. "அதெல்லாம் சரி. ஆசையா இருந்தவன் செத்துட்டா கண்ணுக்குத் தெரியறது உண்டு. எங்கம்மா செத்தப்ப எனக்கே குரல் கேட்டுச்சு. துக்கம்மா அது. அதைப் போயி..."

அடுப்படியில் வெங்காயம் உரித்துக்கொண்டிருந்த அத்தை அங்கிருந்தே பேசினார்.

"நானும்தான் பாத்தேன் சார். எங்க வூட்டுக்காரரு போயி மூணாம் மாசம், சாயங்காலம், அந்த வாசல்ல மோட்டாரு சாவியோட நின்னாரு. நல்லாப் பாத்தேன். ஆனா அவரு எழுந்துட்டாருன்னு நான் யாருகிட்டயும் சொல்லலையே? குழிய போயித் தொறந்து பாக்கலியே? ஆவின்னு நெனச்சேன், அழுதேன், வெளக்கப் போட்டேன். செத்தவங்க கண்ணுக்குத் தெரியறதுக்கு அந்தக் காலத்து ஆளுங்களுக்கும் வார்த்தை இருந்துச்சு. அத வுட்டுட்டு எதுக்கு எழுந்துட்டாருன்னு சொன்னாங்க?"

இரண்டு பேரும் பேசாமல் இருந்தோம். மாமாவைப் பார்த்த விஷயம் எனக்கு அதுவரை தெரியாது.

அத்தை சொன்னதை நான் பிறகு எடுத்துப் பார்த்தேன். சரியாகத்தான் இருக்கிறது. சிறையிலிருந்து தப்பி வந்த பேதுரு கதவைத் தட்டும்போது உள்ளே இருப்பவர்கள் அது அவருடைய தூதன் என்கிறார்கள். லூக்காவில் சீஷர்களும் இயேசுவைப் பார்த்ததும் ஆவி என்றுதான் பயப்படுகிறார்கள். உயிர்த்தெழுதல் என்பதோ யூதர்களுக்குக் கடைசி நாளில் எல்லாரும் மொத்தமாக எழுவது, லாசருவின் சகோதரி மார்த்தாள்கூட அப்படித்தான் சொல்கிறாள். உலகம் பாட்டுக்கு நடந்துகொண்டிருக்கையில் ஒரே ஓர் ஆள் மட்டும் முன்னால் எழுவார் என்று யாரும் காத்திருக்கவில்லை. துக்கத்தில் மனசு தனக்குத் தெரிந்ததைக் காட்டும். தெரியாததை எப்படிக் காட்டும்?

துக்கம் என்றால் பவுலுக்கு என்ன துக்கம்? அவர் இயேசுவை நம்பியவர்களைத் தேடித் தேடிப் பிடித்துக்கொண்டிருந்தவர். யாக்கோபு கூடப் பிறந்தவர்தான், ஆனால் இயேசு உயிரோடு இருந்த காலத்தில் சகோதரர்கள் அவரை நம்பவில்லை என்று யோவான் சொல்கிறார். அதே யாக்கோபு பிறகு எருசலேம் சபைக்குத் தலைவராக இருந்து, கி.பி. 62 வாக்கில் கல்லெறிபட்டுச் செத்தார், இதைச் சொல்வதும் யோசேப்பஸ்தான். தம்பிமாரை நம்பவைப்பது எவ்வளவு கஷ்டம் என்று எனக்குத் தெரியும், எனக்கு மூன்று பேர்.

(பன்னிருவரும் ரத்தசாட்சியாகச் செத்தார்கள், பொய்க்காக யார் சாவார்கள் என்று நம் பிரசங்கங்களில் அடிக்கடி கேட்கிறோம். கொஞ்சம் பார்த்துப் பேச வேண்டும். யோவானின் சகோதரன் யாக்கோபு, பேதுரு, பவுல் ஆகியோருக்குப் பழைய ஆதாரம் பலமாக இருக்கிறது. மற்றவர்களில் பலருக்குப் பிற்காலக் கதைகள்தான். சென்னையில் மயிலாப்பூர்த் தோமாவை விட்டுக்கொடுக்க எனக்கும் மனசில்லை, ஆனாலும் அது மரபு. அவர்கள் சாகவும் தயாராக இருந்தார்கள், தாங்கள் பார்த்ததாக நிஜமாகவே நம்பினார்கள், அதுவரை சொல்லலாம்.)

சார் கிளம்பும்போது, "நாளைக்கு எத்தனை மணிக்குப் பசியாறல்?" என்று மட்டும் கேட்டார்.

ஞாயிறு

மூன்றரைக்கே அத்தை எழுப்பிவிட்டார். விடியல் ஆராதனை பழைய தோட்டத்துக் கல்லறையில். செம்பனைக்கு நடுவே வேலி போட்ட சின்னத் துண்டு நிலம், முப்பது நாற்பது குழி இருக்கும், பாதிக்கு மேல் சிலுவை மட்டும், எழுத்து அழிந்துவிட்டது. பனி காலை நனைத்தது. கையில் மெழுகுவர்த்தி, சிலரிடம் போன் வெளிச்சம். இருட்டு விலகும் முன்னரே மகதலேனா மரியாள் கல்லறைக்குப் போனாள் என்று சபைப் போதகர் வாசித்தபோது பக்கத்தில் அத்தை லேசாகத் தலையாட்டினார். அந்த நேரத்து இருட்டு அவருக்கு முப்பது வருடப் பழக்கம்.

ஆராதனை முடிந்ததும் அவரவர் தங்கள் குழிக்குப் போனார்கள். பாட்டியின் குழியில் பெயர்ப்பலகை இல்லை. அத்தை இடத்தைத் தேடவில்லை, நேராகப் போனார். புல்லைக் கையால் பிடுங்கிவிட்டு, ஒரு தடவை பாட்டியின் முழுப் பெயரையும் சத்தமாகச் சொன்னார். பெரட்டில் கூப்பிடுகிற மாதிரிதான் இருந்தது. எனக்குத் தொண்டை அடைத்தது. மகனுக்குப் போட்டோ எடுக்கலாம் என்று போனை எடுத்துவிட்டு, எடுக்காமல் உள்ளே வைத்துவிட்டேன்.

வீட்டுக்கு வந்தால் சார் ஏற்கெனவே வாசலில் உட்கார்ந்திருக்கிறார், மடியில் அத்தையிடம் இரவல் வாங்கிப்போன வேதாகமம். ராத்திரி மாற்குவின் கடைசி அதிகாரத்தைப் படித்திருக்கிறார், அடிக்குறிப்பு உட்பட. மிகப் பழைய பிரதிகளில் மாற்கு 16ஆம் அதிகாரம் எட்டாம் வசனத்தோடு நின்றுவிடுகிறது. பெண்கள் நடுங்கிக்கொண்டு ஓடுகிறார்கள், பயத்தில் யாருக்கும் ஒன்றும் சொல்லவில்லை. அங்கேயே முடிகிறது.

"இப்ப மாட்டினீங்க" என்றார் சார், கண்ணாடியைத் தூக்கிவிட்டுக்கொண்டு. "யாருகிட்டயும் சொல்லலேன்னா மாற்குவுக்கு எப்படித் தெரிஞ்சுச்சு?"

அத்தை இட்லித் தட்டை அவர் முன்னால் வைத்தார்.

"அன்னிக்குச் சொல்லல. பொறவு சொல்லியிருப்பாங்க. எங்கம்மாவும் செக்ரோல் விஷயத்த என் கல்யாணத்துக்கு மொத நாளுதான் சொன்னாங்க. சாப்பிடுங்க சார், ஆறுது."